பின்னால் வருவது தெரிய வேண்டும்: இருசக்கர வாகன ஓட்டிகளின் கோரிக்கைச் சாசனம்

பெறுநர்: மத்திய சாலைப் போக்குவரத்து மற்றும் நெடுஞ்சாலைகள் அமைச்சகம், தமிழ்நாடு போக்குவரத்துத் துறை, போக்குவரத்துக் காவல்துறை, இருசக்கர வாகனம் தயாரிப்போர், விற்போர், உதிரிபாகக் கடைக்காரர்கள், வண்டி ஸ்டாண்டு குத்தகைதாரர்கள், டெலிவரி நிறுவனங்கள்.

அனுப்புநர்: விடியற்காலையில் பால் ஊற்றுகிறவர்கள், தண்ணீர் கேன் போடுகிறவர்கள், பிள்ளைகளைப் பள்ளியில் விட்டுவிட்டு ஆபீஸுக்கு ஓடுகிற அம்மாக்கள், இரவு பதினொன்றரைக்கு உங்கள் பிரியாணியைக் கொண்டுவருகிறவர்கள், இந்த வண்டிகளையெல்லாம் பழுது பார்க்கும் மெக்கானிக்குகள்.

வண்டியை நிறுத்திச் சோதனை போட்டால் ஆர்.சி. கேட்கிறார்கள், இன்சூரன்ஸ் கேட்கிறார்கள், ஹெல்மெட்டைப் பார்க்கிறார்கள். கண்ணாடியைப் பொறுத்தவரை ஹேண்டில்பாரின் இரண்டு பக்கமும் ஒரு பார்வை போய்வரும். இரண்டு இருந்தால் போகலாம். அந்த இரண்டிலும் என்ன தெரிகிறது என்று யாரும் சீட்டில் உட்கார்ந்து பார்த்ததில்லை. எங்களில் பலருக்கு வலப்பக்கம் தெரிவது சொந்த முழங்கை, இடப்பக்கம் தெரிவது வானம். வேகம் 60-ஐத் தாண்டினால் இரண்டிலும் தெரிவது நடுங்குகிற ஒரு சாம்பல் திட்டு. அது பஸ்ஸா, டேங்கர் லாரியா, சாலையோரப் புளியமரமா என்று சொல்ல முடியாது. ஆனாலும் சட்டத்தின் கணக்கில் இந்த வண்டிக்குக் கண்ணாடி இருக்கிறது.

எங்கள் கோரிக்கை அத்தனைக்கும் அடியில் கிடப்பது ஒன்றுதான். கண்ணாடியை எண்ணுவதை நிறுத்துங்கள்; ஓட்டுகிறவருக்கு அதில் பின்சாலை தெரிகிறதா என்று அளந்து பாருங்கள்.

இதை நாங்கள் கேட்பதற்குக் காரணம் உண்டு. மத்திய அமைச்சகத்தின் 2022-ஆம் ஆண்டு விபத்து அறிக்கைப்படி நாட்டில் சாலையில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் இருசக்கர வாகனத்தில் போனவர்கள் 74,897 பேர், அதாவது 44.5 சதவீதம். அந்த ஆண்டு விபத்து எண்ணிக்கையில் முதலிடம் தமிழ்நாட்டுக்கு: 64,105. எல்லா வாகனங்களையும் சேர்த்துப் பார்த்தால் உயிரிழப்பில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு பின்னாலிருந்து மோதிய வகை. இதெல்லாம் கண்ணாடியால் வந்தது என்று நாங்கள் சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் அது புளுகு. ஹெல்மெட் போடாதவர் எத்தனை, சீட் பெல்ட் போடாதவர் எத்தனை என்று அதே அறிக்கையில் தனித்தனி அட்டவணை இருக்கிறது. கண்ணாடிக்கு ஒன்று இல்லை. விபத்தில் சிக்கிய வண்டியைப் பரிசோதிக்கும் அதிகாரி, கண்ணாடிகள் இருந்தனவா, எந்தப் பக்கம் திரும்பியிருந்தன, ஓட்டுநர் இருக்கையிலிருந்து பின்சாலை தெரிந்திருக்குமா என்று மூன்று வரி எழுதினால் போதும், அடுத்த ஆண்டு ஒரு அட்டவணை தானாக வந்துவிடும். சென்னை ஐ.ஐ.டி. உருவாக்கிக் கொடுத்த மின்னணு விபத்துத் தரவுத்தளம் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது. அதில் இந்த மூன்று வரிக்கு இடம் கொடுங்கள். இது முதல் கோரிக்கை.

இங்கே ஹாரனைப் பற்றிப் பேசாமல் மேலே போக முடியாது. நம் ஊர் ஓட்டுநர்களுக்கு உண்மையான பின்பார்வைக் கண்ணாடி காதுதான். பின்னால் வருகிறவன் ஹாரன் அடிப்பான் என்ற நம்பிக்கையில் முன்னால் போகிறவன் திரும்புகிறான். முன்னால் போகிறவன் பார்க்க மாட்டான் என்ற முடிவோடு பின்னால் வருகிறவன் அடித்துக்கொண்டே வருகிறான். லாரியின் பின்பலகையிலேயே ‘சவுண்ட் ஹாரன்’ என்று எழுதிவைத்திருக்கிற நாடு இது. இந்த ஏற்பாடு எத்தனை காலம் தாங்கும்? எலக்ட்ரிக் ஸ்கூட்டர் சத்தமில்லாமல் பக்கத்தில் வந்து நிற்கிறது. சென்னையில் எலக்ட்ரிக் பஸ்ஸும் ஓடுகிறது. ஹெல்மெட்டுக்குள் காதில் ப்ளூடூத் வேறு. காது பார்த்த வேலையை இனிக் கண் பார்த்தாக வேண்டும்.

தயாரிப்பாளர்களுக்கு

ஓசூரிலும் ஒரகடத்திலும் வல்லம் வடகாலிலும் போச்சம்பள்ளியிலும் வண்டி செய்கிற மாநிலம் இது. ஆகவே உங்களிடம் கொஞ்சம் உரிமையோடு பேசுகிறோம்.

ஷோரூமில் வண்டி ஸ்டாண்டில் நிற்கும்போது எல்லாக் கண்ணாடியும் பளிச்சென்றுதான் இருக்கிறது. ஒற்றை சிலிண்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 4,500 சுற்று சுற்றும்போது நொடிக்கு 75 உதறல் ஹேண்டில்பாருக்கு ஏறுகிறது. கண்ணாடித் தண்டின் இயல்பான அதிர்வும் அதற்குப் பக்கத்தில் இருந்துவிட்டால் தண்டு எஞ்சினோடு சேர்ந்து ஆடத் தொடங்கிவிடும், பிம்பம் கரைந்துபோகும். இது தீராத நோயும் இல்லை. தண்டைக் கொஞ்சம் தடியாக்கலாம், நீளத்தைக் குறைக்கலாம், கண்ணாடித் தலையின் எடையைக் கூட்டி அதிர்வை வேறு இடத்துக்குத் தள்ளலாம், பிடிமானத்தில் ரப்பர் புஷ் வைக்கலாம், ஹேண்டில்பார் முனையில் எடைக்கட்டி போடலாம். விலை உயர்ந்த மாடல்களில் இதையெல்லாம் செய்யத்தான் செய்கிறீர்கள். தொண்ணூறாயிரம் ரூபாய் வண்டிக்காரனும் அதே ஜி.எஸ்.டி. சாலையில், கிளாம்பாக்கத்திலிருந்து புறப்படும் அதே பஸ்ஸுக்கு முன்னால்தான் போகிறான்.

ஆகவே கேட்கிறோம். ஒவ்வொரு மாடலுக்கும், ஆள் உட்கார்ந்த நிலையில், 40, 60, 80 கி.மீ. வேகங்களில், ஓட்டுநரின் கண்மட்டத்தில் கேமரா வைத்துக் கண்ணாடியைப் படம் பிடியுங்கள். 20 மீட்டர் பின்னால் வருவது பைக்கா, காரா, பஸ்ஸா என்று அந்தப் படத்தைப் பார்க்கிறவர் பிரித்துச் சொல்ல முடிய வேண்டும். உட்காருகிறவர் ஒரே அளவு ஆளாக இருக்கக் கூடாது. ஐந்தடிப் பெண்ணும் ஆறடி ஆணும் உட்கார்ந்து பார்க்க வேண்டும். சோதனையின் முடிவை விளம்பரத் தாளில் மைலேஜ் எண்ணுக்குப் பக்கத்தில் அதே எழுத்தளவில் அச்சிடுங்கள். மைலேஜ் கேட்காமல் வண்டி வாங்குகிறவர் தமிழ்நாட்டில் இல்லை. பக்கத்திலேயே இதுவும் இருந்தால் அடுத்த கேள்வி தானாக வரும்.

முழங்கை விஷயம். கண்ணாடி எவ்வளவு வெளியே நிற்க வேண்டும் என்பதற்கு உலகம் ஏற்கெனவே ஒரு அளவு வைத்திருக்கிறது. ஐ.நா.வின் 81-ஆம் வாகன ஒழுங்குமுறை, வண்டியின் நடுக்கோட்டிலிருந்து கண்ணாடியின் மையம் குறைந்தது 280 மி.மீ. வெளியே நிற்கும்படி இருக்க வேண்டும் என்கிறது. அமெரிக்க விதி 279 என்கிறது. அட்லாண்டிக்கின் இரண்டு கரைக்காரர்களும் ஒரே இடத்தில் வந்து நிற்பது அபூர்வம். நமக்கும் கண்ணாடிக்கு ஏ.ஐ.எஸ். 001, அதைப் பொருத்தும் முறைக்கு ஏ.ஐ.எஸ். 002 என்று தரநிலைகள் உள்ளன. ஆனால் 280 என்பது கீழ்வரம்பு. விரிந்த ஹேண்டில்பாரில் கை அகட்டி உட்காருகிறவருக்கும், குளிருக்கு ஜெர்கின் போட்டவருக்கும், மழைக்கோட்டு காற்றில் உப்பிக்கொள்கிறவருக்கும் அது போதாது. கண்ணாடிப் பரப்பில் கால்வாசிக்கு மேல் ஓட்டுநரின் உடம்பு தெரியக் கூடாது என்று ஒரு மேல்வரம்பு வையுங்கள். தண்டை எவ்வளவு நீட்டுவது என்பதை அந்த வரம்பே சொல்லிவிடும்.

ஸ்டைலுக்காக ஒடுங்கிய இலைபோல, கத்திபோலக் கண்ணாடி வைப்பதைப் பற்றி எங்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு. இளைஞர்கள் அழகு வேண்டும் என்கிறார்கள். பெரியவர்கள் பழைய வட்டக் கண்ணாடியே போதும் என்கிறார்கள். ஒரு புள்ளியில் இரு தரப்பும் ஒப்புக்கொண்டோம்: வடிவம் எதுவானாலும் பரப்பு 69 சதுர செ.மீ.க்குக் குறையக் கூடாது. இதுவும் அந்த ஐ.நா. ஒழுங்குமுறையின் அளவுதான்.

உதிரிபாகக் கடைகளுக்கும் தரச்சான்று அதிகாரிகளுக்கும்

கம்பெனிக் கண்ணாடி உடைந்தபிறகுதான் கதை தொடங்குகிறது. ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டிலோ புதுப்பேட்டையிலோ, உங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் சிறிய கடையிலோ போய் நிற்கிறோம். தொங்கவிட்டிருக்கும் கண்ணாடிகளில் ஒன்றைக் கடைக்காரர் கழற்றித் தருகிறார். உறையில் ‘யுனிவர்சல்’ என்று மட்டும் போட்டிருக்கிறது. முகம் பார்த்துத் தலை வாரினால் நன்றாகத் தெரிகிறது, வாங்கிவிடுகிறோம். முகம் நன்றாகத் தெரிகிற கண்ணாடி சாலைக்கு மோசமான கண்ணாடியாக இருக்கலாம் என்பது அந்த நேரத்தில் யாருக்கும் தோன்றுவதில்லை.

கணக்கைப் போட்டே காட்டுகிறோம். கண்ணுக்கும் கண்ணாடிக்கும் 65 செ.மீ. இடைவெளி, கண்ணாடி 10 செ.மீ. அகலம் என்று வையுங்கள். சமதளக் கண்ணாடியானால் 20 மீட்டர் பின்னால் சுமார் 3 மீட்டர் அகலம்தான் தெரியும். நெடுஞ்சாலையில் ஒரு தடத்தின் அகலமே 3.5 மீட்டர். அதே அளவுக் கண்ணாடி 1,000 மி.மீ. வளைவு ஆரமுள்ள குவியாடியாக இருந்தால் சுமார் 7 மீட்டர் தெரியும், இரண்டு தடம். இந்த அகலம் இலவசமாக வருவதில்லை. பஸ்ஸின் உருவம் சமதளக் கண்ணாடியில் தெரிவதில் பாதிக்கும் சற்றுக் குறைவாகச் சுருங்கிவிடும்; சுருங்கியதால் தூரத்தில் வருவதுபோல் தோன்றும். ஆரம் 500 மி.மீ.க்கு இறங்கினால் உருவம் கால்வாசிக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். ஐ.நா. ஒழுங்குமுறை 1,000 முதல் 1,500 மி.மீ. வரை என்று ஆரத்தைக் கட்டிவைத்திருப்பது இதனால்தான்.

இதைவிடக் கொடுமை, இரண்டு பக்கமும் இரண்டு வளைவு. இடது கண்ணாடி உடைந்தால் இடது மட்டும் வாங்குகிறோம். அது வேறு வளைவு. வலப்பக்கம் பார்க்கும்போது லாரி பக்கத்தில் வருகிறது, இடப்பக்கம் பார்க்கும்போது அதே லாரி தூரத்தில் வருகிறது. எதை நம்பித் திரும்புவது?

எனவே, தனியாக விற்கும் ஒவ்வொரு கண்ணாடியிலும் வளைவு ஆரத்தைக் கண்ணாடியின் மேலேயே அழியாமல் பொறிக்க வேண்டும். இருசக்கர வாகன ஹெல்மெட்டுக்கு 2021 ஜூன் 1 முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயமானது, கடையில் விற்கும் கண்ணாடிக்கும் அதே கட்டாயம் வேண்டும். சில உறைகளில் ஐரோப்பிய ‘ஈ’ முத்திரை அச்சடித்திருக்கிறது. அது சோதனையில் கிடைத்த முத்திரையா, அச்சகத்தில் கிடைத்ததா என்று வாங்குகிறவர் சரிபார்க்க ஒரு வழி செய்து கொடுங்கள்.

மரை விஷயத்தையும் இங்கேயே முடித்துக்கொள்கிறோம். ஒரு வண்டிக்கு 8 மி.மீ. மரை, இன்னொன்றுக்கு 10. யமஹா வண்டிகள் பலவற்றில் வலது கண்ணாடியின் மரை எதிர்ப்பக்கமாகச் சுற்றும். கண்ணாடியில் ஏதாவது இடித்தால் உடையாமல் கழன்று திரும்பட்டும் என்று வைத்த ஏற்பாடு, நல்ல யோசனைதான். ஆனால் உறையில் எதுவும் எழுதாததால் தெரியாமல் முறுக்கிப் பிடிமானத்தின் மரையையே தின்னவைத்துவிடுகிறோம். அளவையும் சுற்றும் திசையையும் தமிழில் ஒரு வரி போடுங்கள். அப்புறம் அந்தப் பந்து மூட்டு. ஆறேழு மாதத்தில் தளர்ந்துவிடுகிறது, காற்று வேகத்தில் கண்ணாடி தலைகுனிகிறது. எங்கள் மெக்கானிக் பழைய சைக்கிள் ட்யூபில் விரல்கடை அகலம் வெட்டி மூட்டுக்குள் திணித்து, ஸ்குரூவை முறுக்கி, “இன்னும் ரெண்டு மாசம் ஓடும்ணே” என்று அனுப்பிவைக்கிறார். அவர் கைவேலைக்கு நன்றி. அந்த வேலை தொழிற்சாலையில் நடந்திருக்க வேண்டும்.

ஷோரூம்களுக்கு

அட்டையில் செய்த பெரிய சாவியைக் கையில் கொடுத்து, குடும்பத்தோடு நிற்கவைத்துப் போட்டோ எடுக்கிறீர்கள். மகிழ்ச்சி. வண்டி விற்கும்போது ஹெல்மெட் கொடுக்க வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதி 138 சொல்கிறது. அதோடு இன்னும் ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். வண்டியை ஓட்டப்போகிறவர் யாரோ அவரை உட்காரவைத்து, கண்ணாடியின் உள்விளிம்பில் தோள் லேசாகத் தெரிய, தொடுவானம் நடுவில் வர, இரண்டு பக்கமும் திருப்பி வைத்து, நட்டை இறுக்கிக் கொடுங்கள். பின்னால் ஒரு ஆளை நடக்கவிட்டு, அவர் எந்த இடத்தில் கண்ணாடியிலிருந்து மறைகிறார் என்று காட்டுங்கள். எவ்வளவு நல்ல கண்ணாடியிலும் அந்த மறைவிடம் உண்டு. அங்கே தோளைத் திருப்பித்தான் பார்க்க வேண்டும் என்பது அந்த ஒரு நடையிலேயே புரிந்துவிடும். அப்பா பெயரில் வாங்கி மகள் ஓட்டுகிற வண்டியானால் மகளை உட்காரவையுங்கள். ஒவ்வொரு இலவச சர்வீஸிலும் இது திரும்ப நடக்க வேண்டும், ஜாப் கார்டில் அதற்கு ஒரு கட்டம் வேண்டும்.

வட்டாரப் போக்குவரத்து அலுவலகங்களுக்கு

அதே மத்திய மோட்டார் வாகன விதிகளில் 15-ஐ எடுத்துப் பாருங்கள். உரிமம் கேட்டு வருகிறவர் சோதனையில் செய்துகாட்ட வேண்டியவற்றில் முதலில் இருப்பது பின்பார்வைக் கண்ணாடியைச் சரிசெய்வது. நடைமுறையில் என்ன கேட்கிறீர்கள்? எட்டு போடச் சொல்கிறீர்கள். காலை ஊன்றாமல் எட்டு போட்டால் லைசென்ஸ். எட்டு போடுகிற இடத்தில் பின்னால் யாரும் வருவதில்லை, ஆகவே பார்க்கவும் யாரும் இல்லை. சோதனைத் தளத்தில் ஒரு ஊழியர் பின்னாலிருந்து ஒரு அட்டையைத் தூக்கிக் காட்டட்டும். ஓட்டுகிறவர் ஓடுகிற வண்டியிலிருந்து கண்ணாடியில் பார்த்து அட்டையின் நிறத்தைச் சொல்லட்டும். செலவு ஒரு அட்டை.

காவல்துறைக்கு

கண்ணாடி இல்லாத வண்டிக்கு அபராதம் போடுவதை நாங்கள் எதிர்க்கவில்லை. 2019 திருத்தத்துக்குப் பிறகு மோட்டார் வாகனச் சட்டத்தின் பொதுத் தண்டனைப் பிரிவு 177, முதல் தவறுக்கு 500 ரூபாய் வரை என்கிறது. அந்த 500 ரூபாயில் ஒரு ஜோடி கண்ணாடி வாங்கிவிடலாம். ஏழு நாளுக்குள் தரமான கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஸ்டேஷனில் காட்டினால் முதல் அபராதத்தைத் தள்ளுபடி செய்யுங்கள். இரண்டாம் முறை பிடிபட்டால் சலுகை வேண்டாம். உள்பக்கமாக மடித்துவைத்திருக்கும் கண்ணாடியை இல்லாத கண்ணாடியாகவே எடுத்துக்கொள்ளுங்கள். இடது கண்ணாடியை மட்டும் கழற்றிவைத்திருப்பவரிடமும் தயவு காட்ட வேண்டாம். நம் சாலையில் இடப்பக்கம் புகுந்து முந்துகிறவர்கள் எவ்வளவு பேர் என்று உங்களுக்கே தெரியும்.

ஸ்டாண்டு குத்தகைதாரர்களுக்கு

கண்ணாடியை மடக்கியதும் கழற்றியதும் பாதி வேளை நாங்கள் அல்ல. ரயில்வே ஸ்டேஷன் ஸ்டாண்டில் டோக்கன் கொடுக்கிறவர், இன்னும் நாலு வண்டி நுழைக்க இடம் வேண்டும் என்று, பூட்டிய வண்டியைக் கண்ணாடித் தண்டைப் பிடித்தே இழுக்கிறார். சாயங்காலம் வந்து பார்த்தால் ஒன்று கிழக்கே பார்க்கிறது, இன்னொன்று தரையைப் பார்க்கிறது. சில நாள் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. டோக்கனின் பின்பக்கம் ‘பொருட்களுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல’ என்று அச்சடித்திருக்கிறது. கண்ணாடி பொருள் அல்ல, வண்டியின் உறுப்பு. காசு வாங்கிக்கொண்டு காக்கிற வண்டியில் அது காணாமல் போனால் ஈடு கொடுக்க வேண்டும் என்று குத்தகை நிபந்தனையில் சேர்க்கும்படி ரயில்வேயையும் உள்ளாட்சி அமைப்புகளையும் கேட்கிறோம். வண்டிக்கு வண்டி இடைவெளிக்கோடு போடுங்கள்.

டெலிவரி நிறுவனங்களுக்கு

முதுகில் நீங்கள் மாட்டிவிடும் பெட்டிப்பை எங்கள் தோளைவிட அகலம். கண்ணாடியின் உள்பாதியில் தெரிவது உங்கள் கம்பெனியின் நிறம். பையின் அகலத்தைத் தோளுக்குள் அடக்குங்கள், அல்லது பையைக் கேரியரில் பொருத்தித் தாருங்கள். நீட்டுத் தண்டு வைத்த கண்ணாடியின் செலவை நீங்கள் ஏற்க வேண்டும். டி-ஷர்ட்டுக்குப் பிடிக்கிற காசிலிருந்து ஏற்றாலும் சரி.

எங்களுக்கு நாங்களே

இது சங்கடமான பகுதி, சுருக்கமாக எழுதுகிறோம். ஹேண்டில்பார் முனையில் தொங்கும் வட்டக் கண்ணாடி முழங்கையைத் தவிர்க்கும், ஆனால் வண்டியின் அகலத்தைக் கூட்டும். சந்துக்குள் புகுகிறவர்கள் யோசித்து வாங்குவோம். புது வண்டி கெத்தாகத் தெரிய வேண்டும் என்று கண்ணாடியைக் கழற்றி வீட்டில் வைப்பதை நிறுத்துவோம். ஆயுத பூஜைக்குக் கட்டிய சாமந்தி காய்ந்த பிறகும் தண்டிலேயே தொங்க வேண்டியதில்லை. இரண்டு பக்கமும் சுமை கட்டுகிற வியாபாரிகள், ஒரு பக்கமாவது பின்சாலை தெரியும்படி கட்டுவோம். மழை விட்டதும் சீட்டைத் துடைக்கிற துணியால் கண்ணாடியையும் ஒரு இழுப்பு இழுப்போம்.

இந்தச் சாசனம் கிடைத்த ஆறு மாதத்துக்குள் மேலே சொன்ன அதிர்வுச் சோதனையின் முதல் சுற்றை ஒரகடம் வாகன ஆராய்ச்சி மையத்தில் பொதுமக்கள் முன்னிலையில் நடத்த வேண்டும் என்று கேட்கிறோம். புது வண்டிகளைக் கம்பெனிகள் கொண்டுவரட்டும். ஐந்து வருடம் ஓடிய வண்டிகளை நாங்கள் கொண்டுவருகிறோம். பால் கேன், பெட்டிப்பை, ட்யூப் துண்டு சகிதம். தேதியை மட்டும் பத்து நாள் முன்னதாகச் சொல்லிவிடுங்கள், லீவு போட வேண்டியவர்கள் இருக்கிறார்கள்.